மூன்று முறை அலசப்பட்டது

என் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் சணல் கயிறு கட்டி ஒரு நீல நோட்டு தொங்குகிறது. நாங்கள் ஏழு விவசாயிகள் சேர்ந்து வாங்கிய மருந்து டேங்கின் நோட்டு அது. அறுநூறு லிட்டர் டேங்க். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். என் கொட்டகை பெரியது என்பதால் என்னிடம்தான் நிற்கும். எடுத்துப் போகிறவர் நோட்டில் தேதி எழுத வேண்டும், பெயர் எழுத வேண்டும், என்ன மருந்து அடித்தார் என்று எழுத வேண்டும். திருப்பி வைக்கும்போது கடைசிக் கட்டத்தில் "மூன்று முறை அலசப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். எங்களுக்குள் எல்லைச் சண்டை உண்டு, வாய்க்கால் சண்டை உண்டு, பேசாமல் இருந்த வருஷங்களும் உண்டு. ஆனால் அந்த நோட்டில் மட்டும் யாரும் பொய் எழுதியதில்லை.

முதல் பொய்யை எழுதியவன் நான். ஃபெலிசியான். அறுபத்தோரு வயது. திராட்சைக்காரன், கொஞ்சம் சுரைக்காயும் போடுகிறவன், ஊரெல்லாம் ஒழுங்கானவன் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

எனக்கு அடுத்த வயல் ஒதீலுடையது. இரண்டு நீளமான பிளாஸ்டிக் குடில்கள், உள்ளே முழுக்கத் தக்காளி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். தனி ஆள். துரான்ஸ் ஆற்றின் இந்தக் கரையில் அவள் தக்காளிக்கு நிகரில்லை என்று சந்தையில் சொல்வார்கள். நானும் சொல்வேன், அவள் காதில் விழாதபோது. மூன்று வருஷமாக அவள் மண்ணில் வாடல் நோய். காய் பிடிக்கிற நேரம் பார்த்துச் செடி மத்தியானத்தில் துவளும், சாயங்காலம் நிமிரும், மறுநாள் இன்னும் கொஞ்சம் துவளும். இலை ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும். ஒரு நாள் நிமிராது. மண்ணுக்குள் இருக்கிற கெட்ட பூஞ்சை ஒன்று வேர் வழியாக ஏறித் தண்டின் நரம்பை அடைத்துவிடுகிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. மண்ணிலும் பல வருஷம் கிடக்கும்.

சூரியத் தகடு பதிக்கிற கம்பெனி ஒன்று அவளிடம் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருஷக் குத்தகை. தாள் அவள் சமையலறை மேஜையில் தயாராகக் கிடந்தது. ஒதீல் எங்களிடம் ஒளித்துப் பேசுகிறவள் இல்லை. பிப்ரவரி கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் ஒரு தடவை பார்த்துடறேன். இதுவும் கைவிட்டுச்சுன்னா ஆகஸ்ட்ல கையெழுத்துப் போட்டுட்டுக் குடிலைப் பிரிச்சுருவேன். எங்கப்பா உழுத மண்ணு மேல கண்ணாடித் தகடு போடறத நின்னு பாக்கப் பிடிக்கல. ஆனா வருஷா வருஷம் செத்த செடியைப் பிடுங்கவும் என்னால முடியல."

"இது" என்று அவள் சொன்னது நல்ல பூஞ்சையை. டிரைக்கோடெர்மா என்று பெயர், பச்சைப் பொடியாகப் பாக்கெட்டில் வரும். அதே கூட்டத்துக்குக் காய்கறி சங்கத்திலிருந்து பெரெனிஸ் என்ற பெண் வந்து விளக்கினாள். முப்பது வயது இருக்கும், பூட்ஸில் எப்போதும் சேறு. நாற்று நடும்போது பொடியைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றினால் அந்தப் பூஞ்சை வேரைச் சுற்றிக் குடியேறிவிடும், கெட்டது வந்தால் இடம் கொடுக்காது, சாப்பாடு கொடுக்காது, சிலசமயம் அதையே தின்றுவிடும் என்றாள். உயிருள்ள சரக்கு, அதனால் வெயிலில் வைக்கக் கூடாது, பூஞ்சைக்கொல்லி பட்ட பாத்திரத்தில் கரைக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பூஞ்சையால வர்ற நோய்க்குப் பூஞ்சையா? வீட்டுல எலி இருக்குன்னா இன்னும் நாலு எலி வாங்கி விடச் சொல்றியாம்மா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மார்சியல் மேஜையைத் தட்டிச் சிரித்தான். அவன் ஏழு பேரில் ஒருவன், வாயாடி, என் சிநேகிதன்.

பெரெனிஸ் கோபப்படவில்லை. "எலி இல்ல முசியே ஃபெலிசியான், பூனைன்னு வச்சுக்குங்க. ரெண்டுக்கும் நாலு கால்தான்" என்றாள்.

முதலில் ஒதீல் குடிலில் பார்ப்பது, பலித்தால் மற்ற ஆறு பேரும் அடுத்த வருஷம் போடுவது என்று முடிவானது. நான் மட்டும் வெளியே வரும்போதும் 'எலி, எலி' என்று முனகிக்கொண்டே வந்தேன். ஒதீல் என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"உன் வாயைக் கட்ட ஒரு பூஞ்சை இருந்தா முதல்ல அதைத்தான் வாங்குவேன்."

அப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். நாற்பது வருஷப் பழக்கம்.

ஏப்ரல் இருபத்தைந்து, புனித மாற்கு நாள். இங்கே திராட்சைக்காரர்களின் திருநாள். பூசை முடிந்ததும் பஞ்சாயத்து மண்டபத்தில் ஊருக்கே அயோலி விருந்து. பூண்டுச் சாந்து, அவித்த மீன், உருளை, காரட், முட்டை என்று தட்டு நிறைய வரும். பன்னிரண்டு மணிக்குச் சரியாகப் பந்தி. எங்கள் ஊரில் செத்தவன்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து வருவான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். அன்று காற்று நின்றிருந்தது. மிஸ்த்ரால் என்கிற வடக்கத்திக் காற்று அடிக்காத நாள் கிடைப்பதே அபூர்வம். விட மனசில்லாமல் காலையிலேயே டேங்க்கை எடுத்துக்கொண்டு போய்த் திராட்சைக்கு வருஷத்தின் முதல் பூஞ்சைக்கொல்லியை அடித்தேன்.

கொட்டகைக்குத் திரும்பும்போது பன்னிரண்டாகக் கால் மணி. டேங்க்கை மூன்று முறை அலச அரை மணி நேரமாவது ஆகும். தண்ணீர் நிரப்பி, பம்பை ஓட்டி, குழாய் வழியாக வெளியேற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஜினெத் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தாள். ஜினெத் என் மனைவி.

"யோவ், வர்றியா இல்லையா? எல்லா மீனையும் மார்சியல் தின்னு முடிக்கட்டும்னு பாக்கறியா?"

"அலசணும்டி!"

"வந்து அலசு! டேங்க் எங்க ஓடிப்போகப் போவுது?"

அடுத்து டேங்க் ஒதீலுக்கு என்று எனக்குத் தெரியும். சாயங்காலம்தான் வருவாள், அதற்குள் வந்து அலசிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது சரி. அதோடு நின்றிருக்கலாம். பேனா கையில் இருந்தது, கட்டம் காலியாக இருந்தது, பழகின கை. "மூன்று முறை அலசப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தையும் போட்டுவிட்டுக் காரில் ஏறினேன். ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபின் எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

முதலில் பாஸ்தீஸ், அந்தச் சோம்புச் சாராயம், இரண்டு கிளாஸ். அப்புறம் அயோலி. அப்புறம் ரோஜா நிற ஒயின், எத்தனை என்று எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது நாலரை. கொட்டகைக்குப் போனேன். டேங்க் இல்லை. நோட்டில் என் கையெழுத்துக்குக் கீழே ஒதீலின் கையெழுத்து, இரண்டு மணிக்கு எடுத்ததாக.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குடிலில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. அறுபது அடி தூரம். ஒரு கத்துக் கத்தினால் போதும். போன் சட்டைப்பையில் இருந்தது. நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். அடியில் முப்பது லிட்டர் மிஞ்சியிருக்கும், குழாயில் கொஞ்சம். அறுநூறு லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் அது என்ன பெரிய விஷம்? அதுவுமில்லாமல் பாதிக்கு மேல் ஊற்றி முடித்திருப்பாள். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடித்தேன்.

மறுநாள் காலை டேங்க் கொட்டகையில் நின்றது. ஒதீல் மூன்று முறை அலசி எழுதியிருந்தாள். அவள் எழுதினால் அலசியிருப்பாள். நோட்டில் கிறுக்கலாய் ஒரு வரியும் சேர்த்திருந்தாள். "தண்ணீர் பத்தவில்லை, கடைசி இரண்டு வரிசைக்குப் பூவாளியில் கரைத்து ஊற்றினேன். அறுநூறு லிட்டர் என்று ஏமாற்றி விற்றவன் வாழ்க." படித்துச் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜூன் மத்தியில் முதல் செடி துவண்டது. ஒதீல் வேலியோரம் நின்று கூப்பிட்டுச் சொன்னாள், "ஒண்ணுதான், வெயில் தாங்கலையோ என்னவோ." ஒரு வாரத்தில் நாற்பது செடி. ஜூலை பிறந்ததும் குடிலுக்குள் போனால் பார்க்கச் சகிக்கவில்லை. வரிசை வரிசையாகச் செடிகள் கயிற்றில் தொங்கின, காய்கள் பழுக்காமலே சுருங்கின. வாசலை ஒட்டின இரண்டு வரிசை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. பூவாளியில் ஊற்றிய இரண்டு வரிசை.

நான் அந்த வாசலில் நின்று அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பூஞ்சை வேலை செய்கிறது. டேங்க் வழியாகப் போன பூஞ்சை செத்துப்போனது. கொன்றவன் நான். அதுவரை 'ஒருவேளை' என்று ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், அதுவும் போயிற்று.

"பாரேன், வாசப்பக்கம் மட்டும் நல்லாருக்கு. காத்தோட்டமா இருக்கும்" என்றாள் ஒதீல்.

"இருக்கும்" என்றேன். என் நாக்கில் புண் வந்திருக்கக் கூடாதா அன்று?

ஜூலை கடைசியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பெரெனிஸ் ஒரு தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே பழுப்பு நிறக் கோடு. சந்தேகமே இல்லை, அதே வாடல். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"ஃபெலிசியான் அப்பவே சொன்னான்யா!" என்று மார்சியல் என் முதுகில் ஓங்கி அடித்தான். "எலி, எலின்னான். நாமதான் கேக்கல."

"அனுபவம்னா அனுபவம்தான்," என்று இன்னொருவர் தலையாட்டினார். மற்றவர்கள் அடுத்த வருஷத்துக்குச் சொல்லி வைத்திருந்த பொடியை வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பெரெனிஸ் குனிந்து எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து ஒதீலைக் கேட்டாள்.

"மதாம், தப்பா நினைக்காதீங்க. பொடி வெயில்ல இருந்துச்சா?"

"இல்லம்மா. ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தேன்."

"தண்ணி ரொம்ப சூடா?"

"கிணத்துத் தண்ணி."

"டேங்க் சுத்தமாத்தானே இருந்துச்சு?"

ஒதீல் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு முன்னாடி ஃபெலிசியான் கையெழுத்து இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. மார்சியல்கூட அதில் ஜோக் அடிக்கவில்லை. என் கையெழுத்து அப்படிப்பட்டது. நான் குனிந்து என் செருப்பில் ஒட்டின மண்ணைப் பார்த்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் நான் மனுஷன். திறக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜினெத் கண்டுபிடித்துவிட்டாள், அவளிடம் எதை மறைக்க முடியும்? இரண்டு நாள் நச்சரித்தபின் சொன்னேன். கத்தியைத் தக்காளியில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"நான்தான் ஹார்ன் அடிச்சேன்" என்றாள்.

"நீ ஹார்ன்தான் அடிச்ச. எழுதினது நான்."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொல்லுவேன்."

"எப்ப? கண்ணாடி பதிச்சப்புறமா?"

ஆகஸ்ட் நடுவில் ஒதீல் எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கூடை. அந்த இரண்டு வரிசையில் காய்த்த தக்காளி. பெரிது பெரிதாக, நல்ல சிவப்பு. கூடையை ஜினெத்திடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனிக்காரன் வர்றான். கையெழுத்துப் போட்டுரப் போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். பிப்ரவரில நீ சிரிச்சப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆனா நீ சொன்னதுதான் சரி. நான்தான் அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு ஏமாந்துட்டேன். அவளும் பாவம், நல்லெண்ணத்துலதான் சொன்னா."

ஜினெத் உள்ளே போய்விட்டாள். பாத்திரத்தை 'டமார்' என்று வைக்கிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு. வியாழக்கிழமை கூட்டத்துல உன்னைத் தலைவராப் போடணும்னு மார்சியல் சொல்றான். நானும் கை தூக்குவேன். நான் போறதுக்கு முன்னாடி டேங்க், நோட்டு எல்லாம் ஒழுங்கான ஆள் கையில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒழுங்கான ஆளாம். கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து வெட்டினேன். உப்புத் தூவினேன். வாயில் வைக்க முடியவில்லை. தட்டோடு கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டேன்.

புதன்கிழமை காலை அவள் குடிலுக்குப் போனேன். ஒதீல் செத்த செடிகளைக் கயிற்றிலிருந்து அறுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தி எடுத்து அறுக்க ஆரம்பித்தேன். மூன்று செடி அறுத்தேன். நான்காவதில் கை நின்றுவிட்டது.

"ஒதீல். டேங்க்கை நான் அலசல."

அவளுக்குப் புரியவில்லை. "எந்த டேங்க்கை?"

"மாற்கு நாள் அன்னிக்கு. காலையில திராட்சைக்கு அடிச்சேன். மணி அடிச்சுருச்சு. வந்து அலசிக்கலாம்னு கையெழுத்தைப் போட்டுட்டு விருந்துக்குப் போயிட்டேன். நாலரைக்கு வந்து பாத்தேன், நீ எடுத்துட்டுப் போயிட்ட. உன் பம்பு சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

அவள் கத்தியை வண்டியின் விளிம்பில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள், அந்த இரண்டு வரிசையை. ஒவ்வொரு செடியாக மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் உதடு எதையோ எண்ணுகிற மாதிரி அசைந்தது.

"பூவாளி" என்றாள்.

"ஆமா."

"காத்தோட்டம் இல்ல."

"இல்ல."

கத்துவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் வண்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள், செத்த செடிகளின் மேலேயே.

"நெடி அடிச்சுது, ஃபெலிசியான்" என்றாள்.

"என்னது?"

"டேங்க் மூடியைத் திறந்தப்ப மருந்து நெடி அடிச்சுது. எனக்குத் தெரிஞ்ச நெடி. அடியில கலங்கலாத் தண்ணி நின்னுச்சு. நான் திரும்ப உன் கொட்டகைக்கு நடந்து வந்து நோட்டைப் பாத்தேன். மூணு முறை அலசப்பட்டது, உன் கையெழுத்து. அப்ப என் மூக்குக்குத்தான் கோளாறுன்னு நெனச்சேன். ஃபெலிசியான் எழுதினா அலசியிருப்பான்னு பொடியைக் கொட்டினேன்."

நான் கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டேன்.

"ரெண்டு மாசமா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன்," என்றாள். இப்போதுதான் குரல் ஏறியது. "கரைக்கத் தெரியலையோ, கை படக் கூடாத இடத்துல பட்டுச்சோ, நேரம் தப்போன்னு! அந்தப் பொண்ணு மூணு தடவை போன் பண்ணி அழுதா, சங்கத்துல அவளை ஏளனம் பண்றாங்களாம். நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். எதுக்கு? உன் அயோலிக்கு! நீ என் வாசல்ல நின்னு 'இருக்கும்'னு சொன்னியே, காத்தோட்டமா இருக்கும்னு! எப்படிடா வந்துச்சு உனக்கு?"

அழுதுவிட்டேன். அறுபத்தோரு வயசு ஆம்பளை, தக்காளிக் குடிலில் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் சமாதானப்படுத்தவில்லை. நல்லவேளை.

"மன்னிப்பு கேக்காதே. இப்ப வேண்டாம்," என்றாள். "என்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிடாதே. எங்க எழுதினியோ அங்க எழுது. எல்லாரும் இருக்கும்போது."

வியாழக்கிழமை கூட்டம் என் கொட்டகையில்தான் நடந்தது. ஏழு பேரோடு பெரெனிஸும் வந்திருந்தாள், சோதனை முடிவை வாசிக்க. தோல்வி என்று ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தாள். மார்சியல் கிளாஸ்களை நிரப்பிவிட்டு, "தலைவருக்கு முதல்ல!" என்று எனக்கு நீட்டினான். நான் வாங்கவில்லை. சுவரிலிருந்து நீல நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"ஏப்ரல் இருபத்தஞ்சு. இந்த வரி பொய்" என்றேன்.

"உட்காருடா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஏறிடுச்சா?" என்று மார்சியல் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை, ஒதீலின் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மணி, ஹார்ன், அயோலி, நாலரை மணி, பம்புச் சத்தம், வாசலோர இரண்டு வரிசை, ஜூலையில் செருப்பைப் பார்த்து நின்றது வரை. பிறகு பேனாவால் அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன். "அலசப்படவில்லை. ஃபெலிசியான்." அந்தக் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

ஒருவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொருவர், "இந்த நோட்டுல வேற எத்தனை வரி இப்படி?" என்று கேட்டார். எதுவுமில்லை என்றேன். "அதை எப்படி நம்பறது?" என்றார். மார்சியல் என் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரெனிஸ் எழுந்து நின்றாள். அந்தத் தாளை நான்காக மடித்தாள். "பூவாளியில ஊத்தின ரெண்டு வரிசையில ஒரு செடிகூட சாகல, இல்லையா மதாம்?" என்று ஒதீலைக் கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இது தோல்வி இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. "எலி யாருன்னு இப்பத் தெரிஞ்சுது முசியே ஃபெலிசியான்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அதைவிடச் சரியாக யாரும் என்னைச் சொன்னதில்லை.

ஒதீல் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. கம்பெனிக்காரனை வாசலோடு அனுப்பிவிட்டாள் என்று ஜினெத் சொன்னாள். ஜினெத்திடம்தான் பேசுவாள், என்னிடம் இல்லை. அந்த வருஷத் தக்காளி போனது போனதுதான், அதை நான் திருப்பித் தர முடியாது. இலையுதிர்காலத்தில் அவள் குடில்களைச் சுத்தம் பண்ணும்போது நான் கேட்காமலே போய் வேர்களைத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன், பதினோரு நாள். போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. தலைவர் பதவி மார்சியலுக்குப் போயிற்று. குளிர்காலத்தில் அவன் மறுபடி பேச ஆரம்பித்தான், ஆனால் என் முன்னால் எலி ஜோக் மட்டும் சொல்வதில்லை. அடுத்த வருஷத்துக்கு ஏழு பேரும் பச்சைப் பொடிக்குச் சொல்லி வைத்தார்கள். நானும்தான், என் சுரைக்காய்க்கு.

இந்த ஏப்ரலில் மாற்கு நாளுக்கு முந்தின தினம் திராட்சைக்கு மருந்து அடித்தேன். கொட்டகைக்கு வந்து டேங்க்கை அலசினேன். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பம்பை ஓட்டிக் குழாயின் நுனியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை நின்றேன். மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன், ஈர பிளாஸ்டிக் வாசனைதான். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு ஒதீல் டிராக்டரோடு வந்தாள். நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். "அலசியாச்சு" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். நோட்டின் பக்கம் திரும்பவே இல்லை. குழாயை எடுத்து டேங்க்கில் விட்டுத் தண்ணீரைத் திறந்தாள். நிரம்பியது. பம்பை ஓட்டினாள், கொட்டினாள். ஒன்று. மறுபடி நிரப்பினாள். இரண்டு. அவசரமே இல்லை அவளுக்கு. குழாய் மடங்கித் தண்ணீர் நின்றபோது நான் ஓடிப்போய் நேராக்கினேன், அப்படியே பிடித்துக்கொண்டேன். மூன்று. முடிந்தது என்று நினைத்தேன். நான்காவது முறைக்கும் நிரப்பினாள்.

கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு. காரில் ஜினெத் உட்கார்ந்திருந்தாள், இந்தத் தடவை ஹார்ன் அடிக்கவில்லை.

ஒதீல் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள், "மணி அடிச்சுருச்சு. போய்ச் சாப்பிடு."

நான் போகவில்லை. ஐந்தாவது முறைக்குத் தண்ணீர் கேட்பாளோ என்று குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.